குரைக்கும் நாயை அடக்குவது குறித்து ஓர் ஆட்சேபம்

இங்கிலாந்து தேசத்துச் சிற்றூர்களில், தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்திலோ ஊர்ப் பொதுக்கூடத்திலோ, வாரத்தில் ஒரு மாலை நேரம் நாய்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது நெடுநாளைய வழக்கம். சுவரை ஒட்டி வரிசையாக நாற்காலிகள் போட்டிருக்கும். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவர் அமர்ந்திருக்க, அவர் காலடியில் அவருடைய நாய் படுத்திருக்கும். முறை வரும்போது எழுந்து, நாயை இடப்பக்கம் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி நடப்பார்கள். இவ்வளவு ஒழுங்காக நடக்கும் காரியத்தின் நடுவே, ஏதேனும் ஒரு நாய், எதிரே வேறொரு நாயின் முகத்தைக் கண்ட மாத்திரத்தில் பின்னங்கால்களில் எழும்பி, வார் அறுந்துவிடுமோ என்று அஞ்சும்படி பாய்ந்து, கூடம் அதிரக் குரைக்கும். பயிற்சியாளர்கள் இத்தகைய நாயை ‘ரியாக்டிவ்’ என்பார்கள். அதைப் பிடித்திருப்பவர் முகம் சிவந்து நிற்க, மற்ற நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலவரமடைய, கூடத்திலுள்ளோர் பெரும்பாலோருடைய மனத்தில் ஒரே அபிப்பிராயம் உதிக்கும். அந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், தவறானது மட்டுமன்றிக் கொடுமைக்கு வழிகோலுவது என்பதும் என் துணிபு.

அதைக் கொண்டிருப்பவர்களுக்கு அநீதி செய்யாமல் முதலில் அந்த அபிப்பிராயத்தை எடுத்துச் சொல்லிவிடுகிறேன். நாய் ஓநாயின் வம்சம். ஓநாய்க் கூட்டத்தில் ஒன்று தலைமை வகிக்க, மற்றவை அதற்கு அடங்கி நடக்கின்றன. வீட்டிலே எஜமானன் அந்தத் தலைமையை உறுதியோடு வகிக்காதபோது, நாய் அதைத் தானே கைப்பற்றிக்கொண்டு, எதிர்ப்பட்ட நாய்களையெல்லாம் அடக்கப் புறப்பட்டுவிடுகிறது. ஆகவே இழுத்தால் இறுகும் சங்கிலியை அதன் கழுத்தில் மாட்டி, குரைத்த கணமே வெடுக்கென்று சுண்டி, தலைவன் யார் என்பதை அதற்கு உணர்த்திவிட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மற்ற நாய்களின் நடுவிலேயே நிறுத்திவைத்தால், குரைத்துக் குரைத்து ஓய்ந்து தானாகப் பழகிப்போகும். இதுவே அந்தக் கொள்கை. இதைச் சொல்கிறவர்கள் பிராணிகளை வெறுப்பவர்கள் அல்லர். தங்கள் மாலை நேரங்களைப் பல வருஷங்களாக இந்த ஜீவன்களுக்கென்றே கொடுத்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. நல்லவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் பிழையாக இருப்பதனால்தான் இது ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபத்துக்குத் தடையின்றிப் பரவுகிறது.

கொள்கைக்கு ஒரு வம்சாவளியும் உண்டு. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-ஆம் வருஷம் வெளியிட்ட நூல், மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள உறவை ஜயாபஜயங்களின் கணக்காகவே பார்த்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராணுவ நாய்களைப் பழக்கியவரும், பின்னர் வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவின் படங்களுக்கு மிருகங்களைத் தயார் செய்தவருமான வில்லியம் கோலர், 1962-இல் எழுதிய புத்தகத்தின் மூலம் இறுக்குச் சங்கிலியை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுவந்தார். நியூயார்க் மாநிலத்தில் நாய்களை வளர்த்துப் பழக்கிவரும் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள், 1978-இல் வெளியிட்ட நூலில், அடங்காத நாயை மல்லாக்கப் புரட்டிக் கழுத்தைப் பிடித்து அழுத்தும் முறையை உபதேசித்தார்கள். 1980-இல் பிபிசி தொலைக்காட்சியில் தோன்றிய பார்பரா உட்ஹவுஸ் அம்மையார், எழுபதை எட்டிய வயதில், கணீரென்ற குரலும் கையில் சங்கிலியுமாகப் பிரிட்டன் முழுவதையும் தம் மாணாக்கராக்கிவிட்டார். இவர்களுள் அந்தத் துறவிகளை மட்டும் நான் தனியே வணங்குகிறேன். தாங்கள் உபதேசித்த அந்த முறையைப் பின்னாளில் தாங்களே தவறென்று சொல்லி, 2002-ஆம் வருஷத்துத் திருத்திய பதிப்பில் நீக்கிவிட்ட நேர்மை அவர்களுக்கு இருந்தது.

ஓநாய்களைப் பற்றிய சாஸ்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்து மிருகக்காட்சிசாலையில் ருடால்ப் ஷெங்கல் என்ற ஆராய்ச்சியாளர் ஓநாய்களைக் கவனித்து, அவற்றிடையே பதவிப் போட்டி இடையறாது நடப்பதாக 1947-இல் எழுதினார். அவர் கண்டது பொய்யல்ல. ஆனால் எதைக் கண்டார் என்பதை நினைக்க வேண்டும்: பத்து மீட்டர் அகலமும் இருபது மீட்டர் நீளமுமான ஓர் அடைப்பு, அதற்குள் பத்து ஓநாய்கள் வரையில், விலகிப் போக வழியில்லை, பிரிந்து வாழ இடமில்லை. அத்தகைய சிறைவாசத்தில் எழுந்த சண்டைகளை ஓர் இனத்தின் சுபாவமென்று உலகம் ஏற்றுக்கொண்டது. அந்தத் ‘தலைவ ஓநாய்’ என்ற கருத்தை 1970-இல் தம் நூலின் வாயிலாகப் பிரபலப்படுத்திய டேவிட் மெக் என்ற அமெரிக்க விஞ்ஞானியே, 1986 முதல் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் தங்கிச் சுதந்திரமான ஓநாய்களை அருகிருந்து பார்த்தபின், கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் பிள்ளைகள் அடங்கிய குடும்பமேயன்றிப் பதவிக்குப் போராடும் சேனை அல்ல என்று 1999-இல் எழுதினார். தம் பழைய புத்தகத்தை மேலும் அச்சிட வேண்டாமென்று பதிப்பகத்தாரையே கேட்டுக்கொண்டார். கொள்கையைப் பரப்பியவரே கைவிட்ட பின்னும் அது மண்டபங்களில் மட்டும் உயிரோடிருப்பது வருந்தத்தக்கது.

இதைவிட வருந்தத்தக்க சங்கதி ஒன்று உண்டு. அதே பாஸல் மிருகக்காட்சிசாலையை 1944 முதல் 1953 வரை நிர்வகித்தவர் ஹைனி ஹெடிகர் என்ற பேரறிஞர். கூண்டிலடைபட்ட காட்டு விலங்குகளைப் பற்றி 1942-இல் அவர் எழுதிய நூலில், ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் ஓட்டத் தூரம் உண்டென்றும், பகைவன் அந்த எல்லைக்குள் வந்தால் அது ஓடிவிடுமென்றும், ஓட வழியில்லாதபோது பகைவன் இன்னும் நெருங்கி இரண்டாவது எல்லை ஒன்றைக் கடந்தால், அதே பிராணி திரும்பிப் பாயுமென்றும் நிறுவிக் காட்டினார். சர்க்கஸ் கூடாரத்தில் சிங்கத்தை ஆட்டிவைப்பவன், அந்த இரண்டாவது எல்லையில் ஓரடி வைத்தும் ஓரடி எடுத்துமே அதை முன்னேயும் பின்னேயும் நகர்த்துகிறான் என்ற ரகசியத்தையும் அவர் விளக்கினார். ஆகவே பாய்ச்சல் என்பது துணிவின் அடையாளம் அல்ல. தூரம் தீர்ந்துபோனதன் அடையாளம். ஒரே தோட்டத்தின் மதிலுக்குள்ளிருந்து இவ்விரு கருத்துக்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிப்பட்டன. நாய்ப் பயிற்சி உலகம் ஷெங்கலை எடுத்துக்கொண்டு ஹெடிகரை விட்டுவிட்டது. அதன் பலனை இன்றுவரை நாய்களின் கழுத்துக்கள் அனுபவிக்கின்றன.

இந்த வெளிச்சத்தில் அந்த மண்டபத்தைத் திரும்பப் பாருங்கள். இரண்டு மீட்டர் வாரில் கட்டுண்ட ஒரு ஜீவன், கால் பாவாத பலகைத் தளத்தின்மேல், ஒரே கதவுள்ள அறைக்குள், அறியாத பத்துப் பன்னிரண்டு நாய்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தப்படுகிறது. வெளியில் ஒரு புல்வெளியிலே என்றால் அது வளைந்து விலகிப் போயிருக்கும்; தரையை முகர்ந்து, முகத்தைத் திருப்பி, நாய்களுக்குள்ளே வழங்கும் மரியாதைகளையெல்லாம் செய்து சண்டையைத் தவிர்த்திருக்கும். இங்கே விலக வழியை வார் மறித்துவிட்டது. நேருக்கு நேர் பார்ப்பதைத் தவிர்க்க நாற்காலி வரிசை இடம் கொடுப்பதில்லை. பாயும் முன்பே அது பலமுறை விண்ணப்பித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்: உதட்டை நக்கியிருக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டிருக்கும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்த்திருக்கும், வாயை மூடி உடல் விறைத்து ஒரு கணம் அசையாமல் நின்றிருக்கும். அவ்வளவையும் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் குரைத்தது, எதிரிலிருந்த நாயை அதன் சொந்தக்காரர் அவசரமாக இழுத்துக்கொண்டு பின்வாங்கினார். விண்ணப்பங்களால் கிடைக்காத தூரம் குரைப்பினால் கிடைத்தது என்பதை அந்த நாய் அன்று கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது. தலைமைப் பதவிக்கு ஆசைப்பட்டு அது ஒன்றும் செய்யவில்லை.

எல்லா நாயும் பயத்தினால்தான் குரைக்கிறது என்று நான் வாதிக்க வரவில்லை. ஓடிப்போய் விளையாட வேண்டுமென்ற ஆசை வாரினால் தடைப்பட்டு, அந்தத் தாபத்திலேயே கத்துகிற நாய்களும் உண்டு; இடுப்பு மூட்டிலோ காதிலோ உள்ள நோவினால், எவர் நெருங்கினாலும் எரிந்து விழுகிற நாய்களும் உண்டு; ஆகையால் வகுப்புக்கு வருமுன் மிருக வைத்தியரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. மெய்யாகவே கடித்துக் காயப்படுத்திய சரித்திரமுள்ள நாய்க்குக் கூடை முகக்கவசத்தைப் பழக்கியே ஆக வேண்டும். ஆனால் இவற்றுள் எதற்கும் சங்கிலிச் சுண்டல் மருந்தாகாது. எல்லாவற்றிலும் முதற்காரியம் தூரம் கொடுப்பதே.

“சுண்டினோம், நின்றுவிட்டதே, கண்ணெதிரே பலன் கிடைத்ததை எப்படி மறுப்பீர்?” என்று கேட்கிறார்கள். எதிர்க்கட்சியின் வாதங்களில் வலுவுள்ளது இது ஒன்றே. ஆகையால் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நின்றது குரைப்பு. குரைப்பை உண்டாக்கிய கலக்கம் நின்றதா? மணியோசைக்கும் ஆகாரத்துக்கும் முடிச்சுப் போட்டுக் காட்டிய பாவ்லோவின் நாடு கடந்த புகழ் எல்லாரும் அறிந்தது; அந்த நியாயம் ஆகாரத்துக்குப் பொருந்துவதுபோலவே வேதனைக்கும் பொருந்தும். வேறு நாய் கண்ணில் பட்டது, கழுத்து நெரிந்தது. மறுபடி கண்ணில் பட்டது, மறுபடி நெரிந்தது. எதைக் கண்டு அது கலங்கியதோ அதனுடன் வலியையும் சேர்த்துக் கட்டிவிட்டு, இனி அதைக் கண்டால் சாந்தமாயிருக்கும் என்று எதிர்பார்ப்பது எந்தத் தர்க்கம்? உறுமினால் தண்டனை என்று கற்ற நாய் உறுமுவதை நிறுத்திவிடும். உறுமாமலே கடிக்கும் நாய்களைப் பற்றி மக்கள் ஆச்சரியத்தோடு பேசிக்கொள்கிறார்களே, முன்னறிவிப்பை அடித்து ஒழித்தவர்கள் யார் என்பதையும் அப்போது விசாரிக்க வேண்டாமா?

மௌனத்தைச் சாந்தியென்று கொள்ளும் பிழைக்கு விஞ்ஞான சரித்திரத்திலேயே ஒரு பயங்கரமான சாட்சியம் இருக்கிறது. அமெரிக்காவின் பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மேயர் என்ற இருவர் நடத்தி 1967-இல் வெளியிட்ட பரிசோதனையில், தப்ப இயலாதபடி மின்னதிர்ச்சிக்கு உட்படுத்தப்பட்ட நாய்களுட் பல, பின்னர் ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்றிருந்தபோதும், தாண்ட முயலாமல் படுத்தபடியே அதிர்ச்சியை ஏற்றுக்கொண்டன. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அவை அடங்கிய நாய்கள். அதே பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலைக்கு நடத்தைக் கோளாறுகளுக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் ஹெரன் முதலியோர் விசாரித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வையும் பார்க்கலாம். நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் நூற்றுக்கு 43 பேர், அதற்குப் பதிலாக நாய் சீறியதாகவோ கடிக்க வந்ததாகவோ சொன்னார்கள். மல்லாக்கப் புரட்டியவர்களில் நூற்றுக்கு 31 பேர் அவ்வாறே சொன்னார்கள். ஏற்கனவே கோளாறுள்ள நாய்கள்தாமே என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆம், நம் வாதத்துக்கு உட்பட்ட நாயும் ஏற்கனவே கோளாறுள்ளதுதான், ஆகவே அந்தக் கணக்கு நமக்கு மிகவும் பொருத்தமானது.

நடுவிலேயே நிறுத்திவைத்தால் பழகிப்போகும் என்ற இரண்டாவது உபதேசத்துக்கு வருகிறேன். பழக்கத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. பழக்கும் முறையைத்தான் மறுக்கிறேன். நம்மூரில் கிணற்றில் நீச்சல் பழக்குகிற தகப்பன், பையன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, படியோரத் தண்ணீரில் தான் முதலில் இறங்கி நின்றுகொண்டுதான் அவனை இறக்குகிறான். மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி 1924-இல் பிரசுரித்த ஒரு சிறு வரலாறு இதையே சாஸ்திர ரீதியாக மெய்ப்பித்தது. முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற குழந்தையை உயர நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்குப் பிரியமான தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் உண்ணும்போது கூண்டிலுள்ள முயலை, அவன் உண்பதற்கு இடையூறு நேராத தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார்கள். இறுதியில் அந்தக் குழந்தை முயலைத் தடவிக் கொடுத்தான். முயலை அவன் மடியிலே தூக்கிப் போட்டு, அழுது ஓயட்டும் என்று விட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பிள்ளை பெற்றவர்களுக்குக் கஷ்டமில்லை. தூரம், தின்பண்டம், பொறுமை என்ற இம்மூன்றும் முன்பே கிடைத்திருந்தும், நாயை மட்டும் கூடத்தின் நடுவே நிறுத்திக் கத்தவிடுகிறோம். அது ஓய்வது பழகியதனால் அல்ல, களைத்ததனால்.

நாயின்மேல் சுமத்தியது போக மிஞ்சிய குற்றத்தை அதைப் பிடித்திருப்பவர்மேல் சுமத்துகிறார்கள். அவருடைய பதற்றம் வாரின் வழியே நாய்க்குப் போகிறது என்பார்கள். போகிறதுதான், எதிரே நாயைக் கண்டதும் அவர் கை வாரை இறுக்க, அந்த இறுக்கமே நாய்க்கு அபாய அறிகுறியாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பதற்றத்தைப் போக்கவேண்டியவர் யார்? கூடத்தின் முன்னே எல்லார் எதிரிலும் “நீங்கள் மிகவும் இளகிய மனசுக்காரர்” என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டால், அந்த வார்த்தை அவர் கையைத் தளர்த்துமா, மேலும் இறுக்குமா? அவமானப்பட்டவர் அடுத்த வாரம் வருவதில்லை. வீட்டுக்குள்ளேயே நாயை அடைத்துவைத்து, ஊர் உறங்கிய பிறகு வெளியே அழைத்துப் போகிறார். உதவியை நாடி வந்த ஒரு குடும்பம் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டதை வகுப்பின் ஒழுங்கு காப்பாற்றப்பட்டதாகக் கொள்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மற்ற நாய்களுக்கு நியாயம் வேண்டாமா என்ற கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது. கட்டாயம் வேண்டும், இந்த விஷயத்தில் நான் எதிர்க்கட்சியினரைவிடக் கண்டிப்பானவன். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஆராய்ச்சிசாலையில் பல வருஷங்கள் நாய்களைப் பரிசீலித்த ஸ்காட், புல்லர் இருவரும் 1965-இல் வெளியிட்ட நூலில், குட்டிகள் பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாவது வாரம் வரையிலான பருவத்தில் பெறும் அனுபவங்கள் ஆயுள் முழுதும் ஆழப் பதிகின்றன என்று காட்டினார்கள். அந்தப் பருவத்தில், அல்லது அதை அப்போதுதான் கடந்த நிலையில், முதல்முதலாக மண்டபத்துக்கு வந்த ஒரு குட்டியின் முகத்துக்கு நேரே ஒரு பெரிய நாய் பாய்ந்து குரைக்கிறது. அடுத்த வருஷத்தில் அதே கூடத்தில் பாய்ந்து குரைக்கப்போகும் நாய் அந்தக் குட்டியாகவே இருக்கக்கூடும். “எல்லாரும் வரட்டும், எல்லாம் சரியாகிவிடும்” என்று தாராள மனத்தோடு கதவைத் திறந்து வைப்பவர்களும் இதனால் குற்றத்துக்கு உடந்தையாகிறார்கள். குரைக்கும் நாயைக் கூடத்தின் நடுவில் வைத்திருப்பது அதற்கும் தீங்கு, அதைச் சுற்றியுள்ளவற்றுக்கும் தீங்கு.

செய்யவேண்டியது கடினமானதன்று. நாய் வெடித்துவிட்ட அந்தக் கணத்தில் கற்பிப்பதற்கு ஒன்றுமில்லை. சத்தமிடாமல், குற்றம் சொல்லாமல், “திரும்பி அந்தப் பக்கம் நடந்து போங்கள்” என்று மட்டும் சொல்லி, அது மூச்சு வாங்கி நிற்கும் தூரம்வரை போகவிட வேண்டும். பிறகு, மற்றவர்கள் வருமுன் அதை உள்ளே வரவைத்து, எல்லாரும் போனபின் வெளியே அனுப்பலாம். ஏனெனில் குறுகலான வாயிற்படியில் இரண்டு நாய்கள் முட்டிக்கொள்வதைப்போல் அபாயமானது வேறில்லை. கூடத்தின் கோடியில் நாற்காலிகளை அடுக்கி அவற்றின்மேல் போர்வையைத் தொங்கவிட்டால், அரை ரூபாய்ச் செலவில்லாமல் ஒரு திரை கிடைத்துவிடும். மற்ற நாய்களை நேர்க்கோட்டில் அல்லாமல் வளைந்து நடக்கச் செய்யலாம். அமெரிக்கப் பயிற்சியாளரான லெஸ்லி மெக்டெவிட் அம்மையார் 2007-இல் எழுதிய நூலின் மூலம் பரவிய ஓர் அழகிய பயிற்சி உண்டு: நாய் மற்றொரு நாயைப் பார்க்கட்டும், பார்த்த கணமே அந்தப் பார்வையைப் பாராட்டி ஒரு துண்டு இறைச்சியைக் கொடுக்க வேண்டும், நாளடைவில் நாய் தானாகவே ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் மனிதரின் முகத்தை நோக்கித் திரும்பும். பார்க்காதே என்று தடுப்பதற்குப் பதிலாகப் பார்ப்பதையே ஒரு வேலையாக்கிக் கொடுப்பதில்தான் இதன் நயம் இருக்கிறது. இதில் வரிசை முக்கியம்: முதலில் நாய் தென்பட வேண்டும், பின்பே இறைச்சி; மாற்றிச் செய்தால், இறைச்சி வந்தாலே அபாயம் வரப்போகிறது என்று அது கற்றுவிடும். தூரம் போதுமா என்பதை நாயே சொல்லிவிடும். வீட்டில் ஆவலோடு தின்னும் பண்டத்தை இங்கே முகர்ந்துகூடப் பார்க்கவில்லையென்றால், நீங்கள் மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

“தெருவில் யார் உமக்குத் தூரம் கொடுக்கப்போகிறார்கள்? உலகம் உம்முடைய நாய்க்காக விலகி நிற்குமா?” என்பது அவர்களுடைய கடைசி ஆட்சேபம். நிற்காதுதான். பிரிட்டிஷ் சட்டமும் இரக்கம் காட்டாது. 1991-ஆம் வருஷத்து அபாய நாய்கள் சட்டத்தின்படி, கடிக்கவே வேண்டியதில்லை, கடித்துவிடுமென்று ஒரு மனிதன் நியாயமாக அஞ்ச நேர்ந்தாலே சொந்தக்காரர்மேல் வழக்கு வரலாம். 2014 முதல் தனியார் இடங்களுக்கும் அது விரிந்துவிட்டது. தெரு இவ்வளவு கடுமையானதாக இருப்பதால்தான், கற்கும் இடம் தெருவைப்போல் இருக்கக்கூடாது என்கிறேன். இருபது மீட்டரில் அமைதியாயிருக்கக் கற்ற நாய்க்குப் பதினைந்து மீட்டரைக் கற்பிக்கலாம். இரண்டு மீட்டரில் கத்திக்கொண்டே நின்ற நாய்க்கு எதையும் கற்பித்ததாக ஆகாது.

மண்டபம் சிறியது, அந்தத் தூரத்துக்கு இடமில்லை என்று ஒரு சங்கத்தார் சொன்னால் அது ஒப்புக்கொள்ளத்தக்க பதில். ஆனால் நாயை வகுப்பில் சேர்க்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்: நாய் வேறு நாய்களைக் கண்டால் என்ன செய்யும் என்று முதலிலேயே கேட்டு, பாயும் என்று தெரிந்தால், வகுப்புக்கான பணத்தை வாங்கிக்கொள்ளாமல், திறந்த வெளியில் தனியாகக் கற்றுத்தரும் ஒருவரிடம் அனுப்பிவைக்க வேண்டும், அங்கே சில மாதங்கள் கழித்துத் தேறிய பிறகு, கதவோரத்தில் திரைக்குப் பின்னே அதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் அதை வரச் சொல்ல வேண்டும்.